எத்தனை படி தெரிகிறது?

காஞ்சிபுரத்தின் தென்மேற்கு ஓரத்தில், வேகவதி ஆற்றைத் தாண்டினால் திருப்பருத்திக்குன்றம். பட்டுக்குப் பேர்போன ஊரை ஒட்டிக்கொண்டு, பெயரில் பருத்தியை வைத்திருக்கும் ஊர். ஐப்பசி அடைமழை பிடித்துவிட்டால் தறிக்குழியில் ஈரம் ஊறும், பாவு தொய்யும், வேலை மந்தமாகும். அந்த நாட்களில் தறிச் சத்தம் குறைந்து இருமல் சத்தம் கூடும். ஒரு வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல். இரண்டு நாள் கழித்து அதன் பாட்டிக்கு. அப்புறம் எதிர்வீட்டில். மிளகு ரசம், சுக்குக் கஷாயம், போதாவிட்டால் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய நாலு மாத்திரை. ஒரு வாரத்தில் எல்லாரும் எழுந்து நடமாடுகிறார்கள். இவர்களில் பெரும்பாலோர் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவில்லை. எண்ணுவதற்கு யாரும் வீடு தேடி வரவும் இல்லை.

ஆனாலும் அதே வாரத்தில் “சென்னையிலும் சுற்றுப்புற மாவட்டங்களிலும் காய்ச்சல் கூடிவருகிறது” என்று பொது சுகாதாரத் துறை அறிவிக்கிறது. நம் தெருவில் இருமியவர்களை யார் எண்ணினார்கள்?

யாரும் எண்ணவில்லை. அதுதான் இதில் உள்ள சூட்சுமம்.

காஞ்சியில் குளங்களுக்குப் பஞ்சமில்லை. மழைக்குப் பின் ஒரு தெப்பக்குளத்தைப் பார்க்கப் போகிறவர், அதில் எத்தனை குடம் தண்ணீர் இருக்கிறது என்று மொண்டு பார்ப்பதில்லை. “போன வாரம் பன்னிரண்டு படி தெரிந்தது, இன்றைக்கு ஒன்பதுதான் தெரிகிறது” என்கிறார். மூன்று படி ஏறியிருக்கிறது, அவ்வளவு போதும். குளத்தின் கொள்ளளவு அவருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். ஆனால் இந்த முறை பலிக்க வேண்டுமானால் அதே மூலையில் நின்று அதே படிக்கட்டைப் பார்க்க வேண்டும். இடையில் யாராவது மேலே இரண்டு படி புதிதாகக் கட்டிவிட்டால் கணக்கு கெட்டது. மூச்சுத்தொற்று நோய்களைக் கண்காணிப்பவர்கள் செய்வதும் இதைத்தான். நோயாளிகள் மொத்தம் எத்தனை பேர் என்று அவர்களுக்கும் தெரியாது. படி ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை மட்டும் அவர்களால் தெளிவாகச் சொல்ல முடியும்.

அந்தப் படிக்கட்டுக்கு ‘நோய் வரையறை’ என்று பெயர். உலக சுகாதார நிறுவனம் வகுத்த வரையறைகளில் இரண்டு முக்கியமானவை. ஒன்று, ‘ஃபுளூ போன்ற நோய்’: 38 பாகை செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல், கூடவே இருமல், கடந்த 10 நாட்களுக்குள் தொடங்கியிருக்க வேண்டும். இரண்டாவது ‘கடுமையான மூச்சுத்தொற்று’: அதே காய்ச்சலும் இருமலும் இருந்து, மருத்துவமனையில் படுக்கவைக்க வேண்டிய நிலையும் வந்திருக்க வேண்டும். இவ்வளவுதான். அனுபவமுள்ள மருத்துவர் ஒருவர் இதைப் பார்த்தால் சிரிப்பார். மூக்கொழுகல், தொண்டைவலி, மார்பில் வைத்துக் கேட்கும் ஓசை எதுவுமே இல்லையே என்பார். அவர் பார்ப்பது தன் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு நோயாளியை. இந்த வரையறை ஒருவருக்கும் மருந்து எழுதித் தருவதற்கானதல்ல. கன்னியாகுமரியில் பார்ப்பவரும் காஞ்சிபுரத்தில் பார்ப்பவரும், இந்த வாரமும் அடுத்த ஐப்பசியிலும், ஒரே மாதிரி பார்ப்பதற்கானது. கூர்மையைவிட மாறாமை இங்கே பெரிது.

இந்தியாவில் இந்தத் தகவல் ஓட்டத்துக்கு ஒரு முறையான வாய்க்கால் வெட்டியது 2004இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம். அதில் மூன்று படிவங்கள். கிராம சுகாதார செவிலியர் நிரப்புவது முதலாவது: காய்ச்சல், இருமல் என்று கண்ணில் பட்ட குறிகள் மட்டும். மருத்துவர் நிரப்புவது இரண்டாவது: இன்ன நோயாக இருக்கலாம் என்ற கணிப்பு. ஆய்வகம் நிரப்புவது மூன்றாவது: இன்ன நோய்தான் என்ற உறுதி. வாரம் ஒருமுறை போய்க்கொண்டிருந்த இவை 2021 முதல் இணையத் தளத்தின் வழியாக அன்றாடம் போகத் தொடங்கின.

இந்தப் படிவங்களில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சின்ன விதி. ஒரு நோயாளியும் வராதபோதும் படிவத்தை அனுப்ப வேண்டும், அந்தக் கட்டத்தில் பூஜ்யம் போட வேண்டும். வீண் வேலை போலத் தோன்றும். ஆனால் வெற்றுக் கட்டமும் பூஜ்யமும் ஒன்றல்ல. பூஜ்யம் என்றால் ‘பார்த்தேன், இல்லை’. வெற்றுக் கட்டம் என்றால் ‘பார்க்கவில்லை’, அல்லது ‘செவிலியர் விடுப்பு’, அல்லது ‘மழையில் நெட் இல்லை’. இரண்டையும் ஒன்றாகக் கருதி வரைபடம் போட்டால், ஊழியர் இல்லாத ஊர்தான் மாநிலத்திலேயே ஆரோக்கியமான ஊராகத் தெரியும். கண்காணிப்பில் நடக்கும் பிழைகளில் பாதி இந்த வகை என்பது என் எண்ணம்.

சரி, ஒரு வாரத்து எண் கைக்கு வந்துவிட்டது. ஒரு சுகாதார மாவட்டத்தில் 140 காய்ச்சல் என்று வைத்துக்கொள்வோம். அது அதிகமா, குறைவா?

திருப்பருத்திக்குன்றத்துத் திரைலோக்கியநாதர் கோயிலில் சங்கீத மண்டபம் ஒன்று உண்டு. 1387இல் விஜயநகர அரசின் அமைச்சர் இருகப்பர் கட்டியது. அண்ணாந்து பார்த்தால் கூரையெங்கும் தீர்த்தங்கரர்களின் கதைகள், பட்டை பட்டையாக, சித்திரத்துக்குப் பக்கத்தில் சித்திரமாக. தனியாக ஒரு கட்டத்தைப் பார்த்தால் ஒருவர் கையை ஓங்கி நிற்பது தெரியும். அடிக்கப் போகிறாரா, வாழ்த்துகிறாரா? முந்தின கட்டத்தைப் பார்த்தால்தான் விளங்கும். 140 என்ற எண்ணும் அப்படி ஒரு தனிக் கட்டம். போன ஐந்து ஆண்டுகளில் இதே வாரத்தில் எவ்வளவு இருந்தது என்று பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அந்த வழக்கமான அளவை ‘இயல்புக்கோடு’ என்று சொல்லலாம். கோட்டுக்கு மேலே எவ்வளவு எழும்பியிருக்கிறது என்பதுதான் செய்தி.

இயல்புக்கோடு ஊருக்கு ஊர் மாறும் என்பதையும் இப்படித் தொடர்ந்து பார்த்துத்தான் கண்டுகொண்டார்கள். ஃபுளூ என்றாலே குளிர்கால நோய் என்று ஐரோப்பியப் பாடநூல்கள் சொல்லும். ஸ்ரீநகருக்கு அது பொருந்தும். அங்கே ஜனவரி முதல் மார்ச் வரை உச்சம். தில்லியில் தென்மேற்குப் பருவமழையோடு உச்சம். சென்னை, வேலூர் பக்கமோ வடகிழக்குப் பருவமழையை ஒட்டி, ஐப்பசி, கார்த்திகையில். ஒரே நாட்டில் மூன்று காலண்டர். தடுப்பூசியை எப்போது போட்டுக்கொள்வது என்று தில்லியைப் பார்த்துத் தீர்மானித்தால் நமக்குச் சரிவராது.

இயல்புக்கோட்டின் அருமை நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருமுறை தெரிந்தது. 1918 ஜூனில் பம்பாயில் இறங்கிய இன்ஃபுளுயன்சா, அந்த ஆண்டு மழைக்காலத்துக்குப் பின் இரண்டாம் அலையாக நாடெங்கும் பரவியது. பம்பாய் மாகாணத்தை அது சூறையாடிய அளவுக்குச் சென்னை மாகாணத்தைத் தாக்கவில்லை என்றாலும் இங்கேயும் சாவு ஏராளம். அப்போது இறப்புகளைப் பதிந்தவர்கள் கிராம அதிகாரிகள். அவர்கள் கையிலிருந்த பதிவேட்டில் காலராவுக்கு ஒரு பத்தி இருந்தது. அம்மைக்கு, பிளேகுக்கு, காய்ச்சலுக்கு, மூச்சு நோய்களுக்கு ஒவ்வொன்று இருந்தன. இன்ஃபுளுயன்சாவுக்கு இல்லை. ஆகவே செத்தவர்களில் பெரும்பாலோர் ‘காய்ச்சல்’ பத்தியில் போய் விழுந்தார்கள். பிறகு எப்படிக் கண்டுபிடித்தார்கள்? முந்தின ஆண்டுகளில் அதே மாதங்களில் காய்ச்சல் பத்தியில் எத்தனை பேர் என்று பார்த்து, அந்தச் சராசரியைக் கழித்தார்கள். மிஞ்சியது இன்ஃபுளுயன்சாவின் கணக்கு. இதற்குத்தான் ‘மிகை இறப்பு’ என்று பெயர். சுகாதார ஆணையர் நார்மன் ஒயிட் 1919இல் சொன்ன முதல் மதிப்பீடு சுமார் 60 லட்சம். பின்னால் ஆராய்ந்தவர்கள் 1.2 கோடி முதல் 1.8 கோடி வரை சொன்னார்கள். இன்றைய இந்திய எல்லைக்குள் பார்த்தால், 1921 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தலைகள் 1911ஐவிடக் குறைந்திருந்தன. நோயின் பேரே எழுதப்படாத பதிவேட்டிலிருந்து நோயின் அளவைக் கறந்தெடுத்தார்கள் என்பதை நினைத்தால், விடாமல் எழுதிவைத்த அந்தக் கிராம அதிகாரிகளுக்கு ஒரு கும்பிடு போடத் தோன்றுகிறது.

இனி நம் காலத்துக்கு வருவோம். தமிழ்நாட்டின் முதல் கொரோனா நோயாளி காஞ்சிபுரத்துக்காரர். ஓமனிலிருந்து திரும்பியவர். சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அவருக்குத் தொற்று உறுதியானதாக 2020 மார்ச் 7 அன்று அறிவிப்பு வந்தது. சில நாட்களில் குணமானார். ‘முதல் நோயாளி’ என்ற சொல்லை அன்றைக்கு எல்லாரும் அப்படியே எடுத்துக்கொண்டோம். உண்மையில் அதன் பொருள் ‘முதலில் கண்டுபிடிக்கப்பட்டவர்’ என்பது மட்டும்தான். அப்போதிருந்த விதிப்படி, வெளிநாட்டிலிருந்து வந்து அறிகுறி காட்டியவர்களையும் அவர்களோடு பழகியவர்களையும்தான் சோதித்தார்கள். விமானநிலையத்தில் வலை விரித்தால் விமானத்தில் வந்த மீன்தான் சிக்கும். ஊருக்குள் வெளிநாட்டையே பார்த்திராத ஒருவருக்குத் தொற்று இருந்தால் அந்த வலைக்கு அவர் தெரியமாட்டார்.

இங்கேதான் வேறொரு வழிமுறை கைகொடுத்தது. நம் வயல்களில் பரண் கட்டிக் காவல் இருப்பார்கள். காவல்காரர் வயல் முழுக்க வரப்பு வரப்பாக நடப்பதில்லை. உயரமான ஓரிடத்தில் உட்கார்ந்து இரவெல்லாம் கண் கொட்டாமல் பார்க்கிறார். அதேபோல, தேர்ந்தெடுத்த சில மருத்துவமனைகளில் மட்டும், கடுமையான மூச்சுத்தொற்றோடு வந்து படுப்பவர்களின் மூக்கிலிருந்தும் தொண்டையிலிருந்தும் சளி எடுத்துச் சோதிக்கும் முறை உண்டு. எங்கே போனீர்கள், யாரைப் பார்த்தீர்கள் என்ற கேள்வியை வைத்து ஆளைப் பொறுக்குவதில்லை. இதைப் ‘பரண் கண்காணிப்பு’ என்று அழைக்கலாமென்று நினைக்கிறேன். ஃபுளூவுக்காக ஏற்கெனவே ஆய்வகங்களின் வலையமைப்பு ஒன்று இருந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அதையே கொரோனாவைத் தேடவும் பயன்படுத்தியது.

முதலில் 2020 பிப்ரவரி 15 முதல் மார்ச் 19 வரை எடுத்துவைத்திருந்த 965 மாதிரிகளைப் பின்னோக்கிச் சோதித்தார்கள். 2 பேருக்குத் தொற்று. பிறகு சோதனை விதியை விரிவாக்கினார்கள். ஏப்ரல் 2 வரை மேலும் 4,946 பேர். 102 பேருக்குத் தொற்று. மொத்தம் 5,911இல் 104. பாருங்கள், இந்த 104 பேரில் 40 பேர் வெளிநாடு போனவர்களுமில்லை, தெரிந்த நோயாளி எவரோடும் பழகியவர்களுமில்லை. தொற்று எங்கிருந்து வந்தது என்று சொல்ல வழியில்லாதவர்கள். அதாவது நோய் விமானநிலையத்தைத் தாண்டி ஊருக்குள் நடக்கத் தொடங்கிவிட்டது. இதை ஆயிரக்கணக்கில் நோயாளிகள் குவிந்த பிறகு சொல்லவில்லை. 104 பேரை வைத்துக்கொண்டே சொன்னார்கள்.

இந்த எண்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடும் பார்க்க வேண்டும். 965இல் 2 என்றால் நூற்றுக்கு 0.2. 4,946இல் 102 என்றால் நூற்றுக்கு 2.1. பத்து மடங்கு. நோய் பத்து மடங்கு பெருகிவிட்டதா? அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது. இடையில் யாரைச் சோதிப்பது என்ற விதி மாறியிருக்கிறது. படிக்கட்டை மாற்றிக் கட்டியாயிற்று. ஆனால் வாரவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, தொடக்க வாரங்களில் பூஜ்யமாக இருந்த விகிதம் கடைசி வாரத்தில் 2.6 சதவீதம் வரை ஏறியிருந்தது. பரவலின் திசையைக் காட்டியது அந்த வாரவாரிக் கணக்கு.

எண்ணிக்கையை விட்டுவிட்டு நூற்றுக்கு எத்தனை என்று பேசுவதும் இதனால்தான். 2023 மார்ச்சில் ஃபுளூ வகைகளில் ஒன்றான எச்3என்2 பரவியபோது தமிழ்நாடு முழுக்க 1,000 இடங்களில் காய்ச்சல் முகாம் நடத்தினார்கள். முகாம் போட்டால் நோயாளிகள் தெரியவருவார்கள். நோய் கூடியதால் எண்ணிக்கை கூடியதா, தேடியதால் கூடியதா? சோதித்தவர்களில் எத்தனை பேருக்கு உறுதியானது என்ற ‘உறுதி விகிதம்’ இருந்தால் ஓரளவு பிரித்தறியலாம்.

காசநோய் இதற்கு இன்னும் நல்ல எடுத்துக்காட்டு. 2012இல் காசநோயை எல்லா மருத்துவர்களும், தனியார் உட்பட, அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று ஆணை வந்தது. இந்தியாவில் பதிவான காசநோயாளிகள் 2013இல் சுமார் 12 லட்சம். 2019இல் சுமார் 22 லட்சம். வரைபடத்தை மட்டும் பார்ப்பவர் பதறிப்போவார். அதே ஆண்டுகளில் நாட்டில் காசநோயின் மதிப்பிடப்பட்ட அளவு மெதுவாகக் குறைந்துதான் வந்தது. ஏறியது நோய் அல்ல, வெளிச்சம். அதுவரை கணக்கில் வராமல் தனியார் மருத்துவரிடமும் மருந்துக்கடையிலும் இருமிக்கொண்டிருந்தவர்கள் பதிவேட்டுக்குள் வந்தார்கள். எண் ஏறுவதே நல்ல செய்தியாக இருக்கும் அபூர்வமான இடம் இது.

பரணுக்கும் ஒரு குறை உண்டு. அது மருத்துவமனைக்கு வந்தவரைத்தான் பார்க்கும். சேலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் நெசவாளி, லேசான காய்ச்சலுக்காக அரை நாளை ஆஸ்பத்திரி வரிசையில் கழிக்கமாட்டார். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். சரிதான், ஆனால் மேலாக எடுத்த பருக்கை அடியில் பிடித்திருப்பதைச் சொல்லாது. அகப்பையை விட்டுக் கிளறி, மேலிருந்தும் அடியிலிருந்தும் எடுத்துப் பார்க்க வேண்டும். அப்படிக் கிளறும் முறைக்கு ‘எதிர்ப்பொருள் கணக்கெடுப்பு’ என்று பெயர். வந்துபோன கிருமியை நம் இரத்தம் நினைவில் வைத்திருக்கும்; அந்த நினைவுதான் எதிர்ப்பொருள். நமக்கே தெரியாமல் வந்துபோயிருந்தாலும் இரத்தத்துக்குத் தெரியும்.

2020 மே, ஜூனில் நாட்டின் 70 மாவட்டங்களில், குருட்டாம்போக்கில் பொறுக்கிய வீடுகளில், 28,000 பேரிடம் இரத்தம் எடுத்தார்கள். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, திருவண்ணாமலை. முடிவு, நூற்றுக்கு 0.73 பேர். சின்ன எண்தான். ஆனால் நாட்டு மக்கள்தொகையோடு பெருக்கினால், பதிவான ஒவ்வொரு நோயாளிக்கும் 82 முதல் 130 பேர் வரை தொற்றுக்கு ஆளாகியிருந்தார்கள் என்று தெரிந்தது. குளத்தில் எத்தனை குடம் என்று முதல்முறையாக யாரோ மொண்டு பார்த்த மாதிரி. பின்னர் தமிழ்நாடு பொது சுகாதாரத் துறை தானே பல சுற்றுகள் நடத்தியது. 2020 இறுதியில் மூன்றில் ஒருவருக்கு எதிர்ப்பொருள் இருந்தது. 2021 நடுவில், இரண்டாம் அலைக்குப் பின், மூன்றில் இருவருக்கு.

வந்த கிருமி எந்தக் கிளையைச் சேர்ந்தது என்பது அடுத்த கேள்வி. காஞ்சி நெசவாளர்களுக்கு இதை விளக்குவது சுலபம். ஜக்கார்டு தறியில் புட்டாவின் வடிவம் துளையிட்ட அட்டைகளில் இருக்கிறது. அட்டைக்கட்டைப் பார்த்து இன்னொரு கட்டு அடிக்கும்போது எங்காவது ஒரு துளை பிசகும். அன்னத்தின் அலகில் ஒரு புள்ளி கூடும். அந்தப் பிசகிய கட்டைப் பார்த்து அடித்த கட்டுகளிலெல்லாம் அதே புள்ளி தொடரும். பத்து சேலைகளை விரித்துப் பார்த்தால், எது எந்தக் கட்டின் வழி வந்தது என்று பிசகுகளை வைத்தே வம்சாவளி சொல்லிவிடலாம். வைரஸும் தன்னைத்தானே படியெடுக்கும்போது பிசகுகிறது. பிசகுகளைப் படித்து வம்சம் சொல்வதே ‘மரபணு வரிசைப்படுத்தல்’. இதற்கென்று தமிழ்நாடு அரசு சென்னையில் சொந்த ஆய்வகத்தை 2021 செப்டம்பரில் திறந்தது. உலக அளவில் ஃபுளூவுக்கு 1952 முதலே இப்படியொரு கண்காணிப்பு வலை இருக்கிறது. அது திரட்டும் வம்சாவளியைப் பார்த்துத்தான் ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும், அடுத்த பருவத்தின் தடுப்பூசியில் எந்த வகைகளைச் சேர்ப்பது என்று தீர்மானிக்கிறார்கள்.

இவ்வளவு கருவிகள் இருந்தும், இந்த ஏற்பாடு முழுவதும் தொங்கிக்கொண்டிருப்பது ஒரு மெல்லிய இழையில். வரைபடத்தை நோயாளி வந்த தேதியை வைத்துப் போடலாம், அல்லது காய்ச்சல் தொடங்கிய தேதியை வைத்துப் போடலாம். வந்த தேதியை வைத்துப் போட்டால், ஞாயிறு வெளிநோயாளர் பிரிவு இல்லாததால் திங்கட்கிழமைதோறும் ஒரு மலை எழும்பும். தீபாவளி வாரத்தில் பள்ளம் விழுந்து அடுத்த வாரம் நிமிரும். அது நோயின் வரைபடமல்ல, விடுமுறைகளின் வரைபடம். தொடங்கிய தேதியை வைத்துப் போட்டால்தான் தொற்று எப்போது ஏறியது, எந்தத் திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோ எத்தனை நாள் கழித்து ஏறியது என்று தெரியும். பத்து நாள் என்ற வரையறைக்குள் ஒருவர் வருகிறாரா என்பதும் அந்தத் தேதியைப் பொறுத்ததே. அந்தத் தேதியை எந்த ஆய்வகக் கருவியாலும் கண்டுபிடிக்க முடியாது. நோயாளி சொன்னால்தான் உண்டு.

அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சலோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால், செவிலியர் “எத்தனை நாளா?” என்று கேட்பார். “நாலஞ்சு நாளா இருக்கு சிஸ்டர்” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வராதீர்கள். கொஞ்சம் யோசித்து, எந்தக் கிழமை, எந்தத் தேதியில் தொடங்கியது என்று சொல்லுங்கள்.